அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டில் "ஆராய்ச்சி" என்றால் என்ன? அம்மாவை அங்கே கூட்டிப்போகலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். அம்மாவுக்கு 58 வயது. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் நெடுநாளாக உண்டு. கன்னத்தின் உள்பக்கம் ஆறாத புண், சதை எடுத்துப் பார்த்ததில் புற்று என்று வந்திருக்கிறது. உள்ளூர் காது மூக்கு தொண்டை டாக்டர் அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டுக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார். சொந்தக்காரர்களோ "அது ஆராய்ச்சி ஆஸ்பத்திரி, நம்மை வைத்துச் சோதனை பண்ணுவார்கள், காசைப் பார்க்காமல் பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குப் போ" என்கிறார்கள். அங்கே போகலாமா, ஆராய்ச்சி என்று அங்கே என்னதான் செய்கிறார்கள் என்று கேட்கிறீர்கள்.

முதல் கேள்விக்குப் பதில்: போங்கள், சீக்கிரம் போங்கள். நடுவில் யாராவது "கட்டியை மட்டும் இங்கேயே எடுத்துவிடலாம்" என்றால் சம்மதிக்காதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவதுக்குப் பதில் கொஞ்சம் நீளம். நான் மருத்துவன் இல்லை. புற்றுநோய்ப் பதிவேட்டுப் புள்ளிவிவரங்களோடு வேலை பார்த்தவன். அதனால் எந்த சிகிச்சை, எப்போது என்பதை அம்மாவைப் பார்க்கிற டாக்டர்களிடம் விட்டுவிட்டு, இந்த ஆராய்ச்சிப் பயத்தைப் பற்றி மட்டும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை தேவதாசி ஒழிப்புக்காகவும், 1927இல் சென்னை மாகாண மேலவைக்குள் போன முதல் பெண் என்பதற்காகவும் நமக்குத் தெரியும். அவருடைய தங்கை 1920களின் தொடக்கத்தில் மலக்குடல் புற்றால் இறந்தார். முதலில் சீதபேதி என்று நினைத்தே வைத்தியம் நடந்தது. தெரிய வந்தபோது நேரம் கடந்துவிட்டது. அந்த ஒரு சாவு அவரைக் கடைசிவரை விடவில்லை. ஆனாலும் மருத்துவமனை வர முப்பது வருடம் ஆனது. புற்று வந்தால் எப்படியும் சாவுதான், அதற்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்பதுதான் அன்று அரசாங்கத்திலும் பலருடைய எண்ணம். கடைசியில் இந்திய மாதர் சங்கத்தின் பேரில் நிதி திரட்டி, 1952இல் நேரு அடிக்கல் நாட்டி, 1954 ஜூனில் 12 படுக்கையோடு திறந்தார்கள். மருத்துவர் என்று முதலில் இருந்தவர் அவருடைய மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தி. அடுத்த வருடம், 1955 ஏப்ரலில், டாக்டர் வி. சாந்தா சேர்ந்தார். அரசுப் பணித் தேர்வில் தேறி எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் கிடைத்த வேலையை விட்டுவிட்டு வந்தவர். முதல் மூன்று வருடம் சம்பளம் இல்லை. அப்புறம் மாதம் 200 ரூபாயும் வளாகத்துக்குள் தங்க ஓர் இடமும் கொடுத்தார்கள். 2021 ஜனவரியில் 93 வயதில் இறக்கும்வரை அந்த வளாகமே அவருக்கு வீடு. மகசேசே, பத்ம விபூஷண் எல்லாம் நடுவில் வந்தவை.

இந்தக் கதையைத் தியாகக் கதையாக மட்டும் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. புற்று வந்தால் சாவுதான் என்று ஊரே நம்பும்போது, இல்லை, இன்ன புற்றில் இன்ன நிலையில் வந்தால் இத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று காட்ட ஒரே வழிதான் உண்டு. வந்த ஒவ்வொருவரையும் எழுதி வைத்து, வீட்டுக்குப் போன பிறகும் விடாமல் விசாரித்து, எண்ணிச் சொல்ல வேண்டும். அங்கே நடக்கும் ஆராய்ச்சியில் பெரும்பகுதி இதுதான்.

1957இல் கனடாவிலிருந்து நன்கொடையாக ஒரு கோபால்ட் இயந்திரம் வந்தது. ஆசியாவிலேயே முதல் என்று மருத்துவமனையின் வரலாறு சொல்கிறது. நம் ஊரில் 'கரண்ட் வைப்பது' என்கிறோமே, அந்தக் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கானது. கோபால்ட்-60 ஐந்தே கால் வருடத்தில் பாதி வீரியத்தை இழந்துவிடும். அதாவது மாதத்துக்குச் சுமார் 1 சதவீதம் குறையும். போன மாதம் ஒரு நோயாளிக்கு எத்தனை நிமிடம் வைத்தார்களோ, இந்த மாதம் அதே அளவுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் வைக்க வேண்டும். கணக்குத் தப்பினால் ஒன்று புற்று சாகாது, இல்லை நல்ல சதை வெந்துபோகும். அதனால் டாக்டர் மட்டும் போதாது, பக்கத்திலேயே இயற்பியல் படித்தவர் வேண்டும். புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று சொல்வதன் அர்த்தம் இதுதான். அறுவை மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், மருந்து கொடுப்பவர், நோயியல் நிபுணர், இயற்பியலாளர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருந்து ஒரே ஃபைலைப் பார்க்க வேண்டும். 1975இல் இது மண்டலப் புற்றுநோய் மையமாக அங்கீகாரம் பெற்றது. 1984இல் புற்றுநோய் மருத்துவத்துக்கும் புற்றுநோய் அறுவைக்கும் இந்தியாவிலேயே முதல்முறையாகத் தனி உயர்படிப்புகள் தொடங்கியதும் இங்கேதான்.

இப்போது உங்கள் அம்மாவின் நோய்க்கு வருகிறேன். 1960களில் அடையாறுக்கு வந்த கூட்டத்தில் வாய்ப்புற்றும் கருப்பைவாய்ப் புற்றும்தான் மிக அதிகம், பெரும்பாலும் முற்றிய நிலையில். கன்னத்தின் உள்பக்கப் புற்று மேல்நாட்டில் அபூர்வம். அது வெற்றிலை, பாக்கு, புகையிலையை அடக்கி வைக்கும் நம் பழக்கத்தோடு வருவது. அதனால் மேல்நாட்டுப் பாடப்புத்தகத்தில் அதற்குத் தெளிவான வழி இருக்கவில்லை. கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் கதிர்வீச்சோடு, அதன் வேலையைக் கூட்டும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முதலில் செயற்கை வைட்டமின் கே வகை மருந்து, பிறகு ப்ளியோமைசின் என்ற கீமோ மருந்து. 1971இலும் 1980இலும் அந்த முடிவுகள் வெளிநாட்டு மருத்துவ இதழ்களில் வந்தன. கருப்பைவாய்ப் புற்றில் கதிர்வீச்சோடு கீமோவையும் சேர்த்துக் கொடுங்கள் என்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் நாடு முழுக்க அறிவித்தது 1999இல்தான். தலை, கழுத்துப் புற்றுக்கும் அதே காலத்தில்தான் பெரிய தொகுப்பு ஆய்வு வந்தது. இன்று இது உலகம் முழுக்க வாடிக்கை. கன்னப் புற்றுக்கு இப்போது பெரும்பாலும் முதலில் அறுவை, தேவைப்பட்டால் பிறகு கதிர்வீச்சு, சிலருக்கு அதோடு கீமோ.

இன்னொரு ஆய்வு மும்பை டாடா மருத்துவமனையில் நடந்தது. உங்கள் அம்மாவுக்கு நேரடியாகச் சம்பந்தப்படுவதால் சொல்கிறேன். வாய்ப்புற்று ஆரம்ப நிலையில் இருக்கிறது, கழுத்தில் கட்டி எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை. அப்படிப்பட்டவருக்கு வாயில் அறுவை செய்யும்போதே கழுத்து நிணநீர்க் கணுக்களையும் (புற்று முதலில் பரவக்கூடிய சிறு முடிச்சுகள்) எடுத்துவிடலாமா, அல்லது பொறுத்திருந்து, கட்டி தெரிந்தால் மட்டும் எடுக்கலாமா? உலகம் முழுக்க அறுவை மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாக இதில் இரண்டு கட்சியாக நின்றார்கள். டாடாவில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். 2015இல் முடிவு வந்தது. முதலிலேயே கழுத்தையும் சேர்த்துச் செய்தவர்களில் மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 80 சதவீதம். பொறுத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். விவாதம் கிட்டத்தட்ட அதோடு முடிந்தது.

இதில் புது மருந்து இல்லை, விற்பதற்கு ஒரு பொருளும் இல்லை. ஆகவே எந்த மருந்துக் கம்பெனியும் இதற்குக் காசு போட்டிருக்காது. நோயாளிகள் நிறைய வரும், அவர்களைத் தொடர்ந்து பார்க்கும் ஒரு பொதுப் புற்றுநோய் மருத்துவமனைதான் இதைச் செய்ய முடியும். இரண்டு பிரிவினருக்கும் கிடைத்தது அன்று எல்லா நல்ல மருத்துவமனைகளிலும் நடைமுறையில் இருந்த சிகிச்சைதான் என்பதையும் கவனியுங்கள். யாரையும் சிகிச்சை இல்லாமல் விட்டுவிடவில்லை. ஒரு டாக்டர் தன் பழக்கத்தை வைத்து முடிவெடுப்பதற்குப் பதில் குலுக்கல் முடிவெடுத்தது, அவ்வளவே. சொந்தக்காரர்கள் சொல்கிற 'சோதனை எலி' படத்துக்கும் இதற்கும் வெகுதூரம்.

மருந்து ஆராய்ச்சியிலும் இங்கே கேட்கப்படும் கேள்வி வேறு மாதிரி இருக்கிறது. நிவோலுமாப் என்ற எதிர்ப்புசக்தி மருந்து லட்சக் கணக்கில் விலை. இனிக் குணமாக்க முடியாத நிலையில் இருந்த தலை, கழுத்துப் புற்று நோயாளிகளுக்கு, வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம், மலிவான மாத்திரைகளோடு சேர்த்து டாடாவில் கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் ஒரு வருடம் தாண்டியவர்கள் 16 சதவீதம். இந்தச் சிறு அளவு சேர்ந்தவர்களில் 43 சதவீதம். அளவைக் குறைத்துப் பார் என்று விற்பவர் சொல்லமாட்டார். சொல்ல வேண்டியவர்கள் நம் ஊர் மருத்துவர்கள்தான்.

குழந்தைகளின் ரத்தப் புற்று பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஆராய்ச்சிக்கும் கவனிப்புக்கும் நடுவில் கோடு போட முடியாது என்பது அதில்தான் பளிச்சென்று தெரியும். 1960இலேயே அடையாறில் குழந்தைகளுக்குத் தனி வார்டு வந்துவிட்டது. ஆனாலும் 1980களின் தொடக்கம்வரை இந்தியாவில் லிம்ஃபோபிளாஸ்டிக் என்ற, குழந்தைகளுக்கு அதிகம் வரும் வகை ரத்தப் புற்று வந்தவர்களில் ஐந்தில் ஒன்று பிழைத்தாலே அதிகம். ஒவ்வொரு டாக்டரும் தனக்குத் தெரிந்த மருந்தைத் தனக்குத் தெரிந்த அளவில் கொடுத்துக்கொண்டிருந்தார். 1984இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் டாக்டர் இயன் மக்ராத்தோடு சேர்ந்து டாடா, டெல்லி எய்ம்ஸ், அடையாறு மூன்றும் ஒரே சிகிச்சைத் திட்டத்தை வகுத்துக்கொண்டன. எம்சிபி-841 என்று பெயர். எந்த வாரம் எந்த மருந்து, எவ்வளவு, ரத்த அணுக்கள் குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாமே எழுதி வைத்த திட்டம். இங்கே கிடைக்கும் மருந்துக்கும் இங்கே இருக்கும் வார்டு வசதிக்கும் பொருந்துகிற மாதிரி அமைத்தது. அதன் பிறகு, நோய் திரும்பாமல் நான்கு வருடம் தாண்டிய குழந்தைகள் இடத்துக்கு இடம் 40 முதல் 60 சதவீதம்வரை இருந்தார்கள்.

புதிதாக ஒரு மருந்துகூடக் கண்டுபிடிக்காமல் இது நடந்தது. கூடவே ஒரு கசப்பான விஷயமும் தெரிய வந்தது. இறந்த குழந்தைகளில் கணிசமானவர்களை எடுத்துக்கொண்டது நோயே இல்லை, கிருமித் தொற்று. சத்துக் குறைவான குழந்தை கீமோவில் எதிர்ப்புசக்தி இறங்கியிருக்கும்போது, காய்ச்சல் வந்தால் சில மணி நேரத்துக்குள் மருந்து ஏற வேண்டும். காய்ச்சல்தானே, காலையில் பார்க்கலாம் என்று ஊரில் இருந்துவிட்டால் முடிந்தது. இதெல்லாம் ஒவ்வொரு குழந்தையின் முடிவையும் எழுதி வைத்ததால் தெரிந்தவை. உங்கள் அம்மாவுக்குக் கீமோ கொடுத்தால் இதே விதி அவருக்கும் பொருந்தும். காய்ச்சல் என்றால் நேரம் பார்க்காதீர்கள்.

இனி என் பிரியமான விஷயம், பதிவேடு. வெளியே யாருக்கும் இதில் சுவாரசியம் இருக்காது. ஆனால் தமிழ்நாட்டில் புற்று பற்றி நாம் பேசும் ஏறக்குறைய எல்லா எண்ணும் இங்கிருந்துதான் வருகிறது. 1982 தொடங்கி சென்னை நகரத்தில் யாருக்குப் புற்று வந்தாலும் அவர்களைப் பதிந்துவைக்கும் பொறுப்பு அடையாறு மருத்துவமனையிடம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் திட்டம், மும்பையிலும் பெங்களூரிலும் அதே சமயம் தொடங்கியது. அடையாறுக்கு வந்தவர்களை மட்டும் எண்ணினால் அது ஆஸ்பத்திரிக் கணக்கு. பதிவேட்டுக்கு அது போதாது. ஊழியர்கள் நகரத்தின் அரசு மருத்துவமனைகள், தனியார் மருத்துவமனைகள், நர்சிங் ஹோம்கள், பரிசோதனைக்கூடங்கள் எல்லாவற்றுக்கும் நேரில் போய் ஏடுகளைப் புரட்டிப் பெயர்களை எடுக்க வேண்டும். மாநகராட்சியின் இறப்புப் பதிவையும் பார்க்க வேண்டும். ஒரே ஆள் மூன்று ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார், மூன்று இடத்திலும் பெயர் வேறு மாதிரி இருக்கும். ஓர் இடத்தில் கே. லட்சுமி, இன்னொன்றில் லக்ஷ்மி கண்ணன், வயது ஒன்றில் 50, ஒன்றில் 54. இவர்கள் ஒருவரா, இருவரா என்று முடிவு செய்வதற்குள் கண் பூத்துவிடும்.

அப்புறம் உயிரோடு இருக்கிறாரா என்பது. நார்வே மாதிரி நாட்டில் கணினியில் அடையாள எண்ணைத் தட்டினால் தெரிந்துவிடும். இங்கே இறப்புப் பதிவில் காரணம் சரியாக இருக்காது, பல சமயம் இறப்பே பதிவாகாது. ஆகவே பதில் அஞ்சல் கட்டணம் கட்டிய கார்டு போட்டார்கள், தொலைபேசியில் கேட்டார்கள், பதில் வராவிட்டால் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினார்கள். வீடு மாறியிருந்தால் பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள். இப்படிச் சேர்த்ததால்தான் வளரும் நாடுகளில் புற்றுக்குப் பின் எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்ற உலக ஒப்பீடுகளில் சென்னைக்கு ஓர் இடம் இருக்கிறது. 2012க்குப் பிறகு இதே வேலையை மாநிலம் முழுவதற்கும் விரித்தார்கள்.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். 1980களில் சென்னைப் பெண்களுக்கு அதிகம் வந்தது கருப்பைவாய்ப் புற்று. அது வருடாவருடம் இறங்கி, மார்பகப் புற்று ஏறி, 2000களில் வரிசை மாறிவிட்டது. ஆண்களில் அன்று முன்னால் நின்றது இரைப்பைப் புற்று. இதெல்லாம் ஒரு டாக்டரின் அனுபவத்துக்குத் தெரியாது, ஏனென்றால் அவர் கண்ணுக்குத் தன் ஓபிக்கு வருகிறவர்கள் மட்டும்தான் தெரிவார்கள். எந்த ஊரில் கதிர்வீச்சு இயந்திரம் வைப்பது, எந்தச் சோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்குவது என்பதற்கெல்லாம் இந்தக் கணக்கு வேண்டும்.

திண்டுக்கல் ஆய்வை இங்கே விட முடியாது. கருப்பைவாய்ப் புற்றை முன்கூட்டியே கண்டுபிடிக்க மேல்நாட்டில் பாப் ஸ்மியர் சோதனை, அதாவது கருப்பைவாயிலிருந்து செல்களை வழித்தெடுத்துக் கண்ணாடி ஸ்லைடில் பார்ப்பது. அதற்கு ஆய்வகம் வேண்டும், ஸ்லைடைப் படிக்கப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், அந்தப் பெண் முடிவு வாங்கத் திரும்பவும் வர வேண்டும். கூலி வேலையை விட்டு இரண்டாவது முறை யார் வருவார்கள்? அதற்கு மாற்றாக, நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால் சந்தேகமான இடம் வெள்ளையாகத் தெரியும். ஏறக்குறைய வீட்டு வினிகர்தான். இது உயிரைக் காப்பாற்றுமா என்று யாரும் நிரூபித்திருக்கவில்லை. அம்பிளிக்கை கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய நல மையமும் அடையாறு நிறுவனமும் லியோன் நகரில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் சேர்ந்து 2000 முதல் 2003வரை திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 வயதிலிருந்து 59 வயதுவரை உள்ள பெண்களை அழைத்தார்கள். 31,000க்கு மேற்பட்ட பெண்களுக்குச் சோதனை நடந்தது. பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். சந்தேகம் இருந்தால் முடிந்தவரை அன்றைக்கே உறைய வைத்து நீக்கும் சிகிச்சை. 2007இல் முடிவு வந்தது: அழைக்கப்படாத கிராமங்களோடு ஒப்பிட்டால், அழைக்கப்பட்ட கிராமங்களில் கருப்பைவாய்ப் புற்று வருவது 25 சதவீதமும், அதனால் சாவது 35 சதவீதமும் குறைவு. வாழ்நாளில் ஒரே ஒரு சோதனைக்கு இத்தனை பலன். பிறகு தமிழக அரசு தேனி, தஞ்சாவூரில் முன்னோட்டம் பார்த்து இதைச் சுகாதார நிலையங்களுக்குக் கொண்டுவந்தது. உங்கள் வீட்டில் 30 வயதைத் தாண்டிய பெண்கள் இருந்தால் பக்கத்து சுகாதார நிலையத்திலேயே கேட்கலாம்.

சரி, பயத்துக்கு வருவோம். உங்கள் அம்மாவிடம் கையெழுத்து வாங்கும் தாள்கள் இரண்டு வகை. ஒன்று, அறுவைக்கும் கீமோவுக்கும் மயக்க மருந்துக்கும் சம்மதம். இது எந்த ஆஸ்பத்திரியிலும் உண்டு, ஆராய்ச்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரண்டாவது, ஆய்வில் சேரச் சம்மதம். அது தனித் தாள், உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று கேட்கலாம். வேண்டாம் என்று சொன்னால் வழக்கமான சிகிச்சை நிற்காது. சேர்ந்த பிறகு நடுவில் விலகலாம். ஆய்வை ஒரு நெறிமுறைக் குழு பார்த்து ஒப்புதல் கொடுத்திருக்க வேண்டும், 2009இலிருந்து மருந்துச் சோதனைகள் எல்லாம் பொதுவில் யாரும் பார்க்கக்கூடிய தேசியப் பதிவில் ஏற வேண்டும். 2019இன் விதிகளின்படி, மருந்துச் சோதனையால் உடம்புக்குப் பாதிப்பு வந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு. அறுவையில் எடுத்த கட்டியின் மிச்சத்தை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்பார்கள். அதற்கும் சம்மதம் உங்கள் விருப்பம்தான். என்னைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள், அம்மாவுக்கு அதனால் ஒரு கீறல்கூட அதிகமாகாது.

இந்தியாவில் கவலைப்பட ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். சம்மதம் சரியாக வாங்காமல் நடந்த சோதனைகள் பற்றி உச்ச நீதிமன்றம்வரை வழக்கு போயிருக்கிறது, அதன் பிறகே விதிகள் இறுகின. ஆகவே கேள்வி கேளுங்கள். இந்த ஆய்வில் சேராவிட்டால் என்ன சிகிச்சை, சேர்ந்தால் கூடுதலாக எத்தனை முறை வர வேண்டும், செலவு யாருடையது. இந்த மூன்றுக்கும் தெளிவாகப் பதில் வராத தாளில் கையெழுத்துப் போட வேண்டாம், அது எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும் சரி. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: நோயாளிக்குப் பின்னால் என்ன ஆனது என்ற கணக்கே இல்லாத இடத்தில் தப்பு நடந்தால் அது தப்பு என்றே யாருக்கும் தெரியாது. எனக்கு அந்த இடங்களைப் பற்றித்தான் அதிகப் பயம்.

தனியார் மருத்துவமனையா என்பதற்கு: நல்ல தனியார் மையங்கள் தமிழ்நாட்டில் உண்டு, இயந்திரங்கள் சில இடங்களில் இன்னும் புதியவை, காத்திருப்பு குறைவு, டாக்டர் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். பெரிய பொது மருத்துவமனை எதுவானாலும் கூட்டம், வரிசை, அவசரப் பேச்சு இருக்கத்தான் செய்யும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஆனால் வாய்ப்புற்றுக்கு நான் பார்க்கச் சொல்வது கட்டடத்தை இல்லை. வாரத்துக்கு எத்தனை வாய்ப்புற்று அறுவை செய்கிறார்கள், அறுத்த இடத்தை மூடித் தைக்கும் பிளாஸ்டிக் சர்ஜன் இருக்கிறாரா, மூன்று துறை டாக்டர்களும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுக்கிறார்களா. இந்தக் கேள்விகளில் அடையாறு, வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர் மாதிரி இடங்கள் முன்னால் நிற்கும். அடையாறு அறக்கட்டளை அமைப்பு. வசதி இல்லாதவர்களுக்கு இலவசம் அல்லது சலுகைக் கட்டணம், முடிந்தவர்களுக்குக் கட்டணம் என்பது தொடக்கத்திலிருந்தே அவர்கள் கொள்கை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம்வரை உண்டு. ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டையை மறக்காமல் எடுத்துப்போங்கள்.

இப்போது முதலில் சொன்னது. வெளியே அரைகுறையாகக் கட்டியை எடுத்துவிட்டு வந்தால், எங்கே ஆரம்பித்தது, எவ்வளவு ஆழம் என்பது பிறகு யாருக்கும் தெரியாது. விளிம்பில் மிச்சம் இருந்தால் மறுபடி பெரிதாக அறுக்க வேண்டி வரும். வாய்ப்புற்றில் முதல் அறுவைதான் உண்மையான வாய்ப்பு. "கத்தி பட்டால் புற்று பரவும்" என்று ஊரில் சொல்வது தவறு, ஆனால் அந்த நம்பிக்கை பிறந்ததற்கு இந்த அரைகுறை அறுவைகளும் ஒரு காரணமாக இருக்கலாம். சதை எடுத்துச் சோதித்ததில் பயமில்லை, அது தேவையான ஒன்று.

கையோடு கொண்டுபோக வேண்டியவை: டாக்டரின் கடிதம், பயாப்ஸி அறிக்கை, கூடவே அந்தப் பரிசோதனைக்கூடத்தில் வைத்திருக்கும் கண்ணாடி ஸ்லைடும், சதைத் துண்டைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கும். அறிக்கையை மட்டும் கொண்டுபோனால் போதாது, அங்கே இருக்கும் நோயியல் நிபுணர் தானே பார்க்க விரும்புவார். கேட்டால் கொடுப்பார்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைச் சீட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்த ஸ்கேன் இருந்தால் சிடியாகக் கேட்டு வாங்குங்கள், எடுக்காவிட்டால் ஊரில் புதிதாக எடுக்க வேண்டாம், அவர்கள் தங்களுக்கு வேண்டிய மாதிரி எடுப்பார்கள்.

அறுவைக்குப் பின் கதிர்வீச்சு தேவைப்பட்டால், வாரத்தில் ஐந்து நாள் என்று ஆறு வாரம்வரை ஆகும். அறுவை முடிந்து ஆறு வாரத்துக்குள் அதைத் தொடங்கிவிடப் பார்ப்பார்கள். நடுவில் பொங்கல், கல்யாணம் என்று ஊருக்கு வந்து நாட்களை விடக்கூடாது, விட்ட நாளில் மிச்சப் புற்று வளரும். ஆகவே தங்குமிடம்தான் பெரிய கேள்வி. மருத்துவமனையின் சமூகப் பணியாளரை முதல் நாளே பார்த்துக் கேளுங்கள். அம்மாவால் தினமும் சென்னையில் தங்க முடியாது என்றால், அறுவையை அங்கே முடித்துக்கொண்டு கதிர்வீச்சை உங்கள் பக்கம் உள்ள மையத்தில் வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்கலாம், பல சமயம் சரி என்பார்கள். ரயிலில் சிகிச்சைக்காகப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் முழுச் சலுகை, கூட வருபவருக்கு 75 சதவீதம். அதற்கான படிவத்தை மருத்துவமனையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கதிர்வீச்சுக்கு முன் பல் டாக்டரிடம் அனுப்புவார்கள், கெட்ட பற்களை எடுப்பார்கள். புற்றுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று தட்டிக்கழிக்காதீர்கள். கரண்ட் வைத்த தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகலாம். மூன்றாவது வாரம் வாய் புண்ணாகி விழுங்க முடியாது, மூக்கு வழியாக ட்யூப் போட்டால் அம்மா அழுவார். தற்காலிகம்தான் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வாயைத் திறக்கும் பயிற்சியைச் சொல்லிக்கொடுப்பார்கள், சிகிச்சை முடிந்து மாதக்கணக்கில் அதை விடாமல் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் தாடை இறுகிவிடும். புகையிலையை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். புற்று வந்த பிறகு விட்டு என்ன பயன் என்று அவர் கேட்பார். தொடர்ந்து போட்டால் சிகிச்சை கேட்பது குறையும், அதே வாயில் இன்னொரு இடத்தில் புதிதாகவும் வரலாம். விட முடியவில்லை என்றால் புகையிலை நிறுத்த உதவும் பிரிவு அங்கேயே இருக்கிறது.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு முதல் இரண்டு வருடம் ஃபாலோ-அப் தேதிகளை ஒன்றுகூட விடாதீர்கள், வாய்ப்புற்று திரும்பினால் பெரும்பாலும் அந்தக் காலத்துக்குள்தான். வீட்டையோ தொலைபேசி எண்ணையோ மாற்றினால் ஃபைலில் உள்ள முகவரியை மாற்றச் சொல்லுங்கள். அம்மா நன்றாக இருந்தாலும் சரி, "எப்படி இருக்கிறார்" என்று ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது கேட்டால் ஒரு வரி பதில் சொல்லிவிடுங்கள்.